பச்சை கூடினால் மலை மீண்டதாக ஆகாது

செயற்கைக்கோள் படத்தில் நீலகிரி முன்பைவிடப் பச்சையாகத் தெரிகிறது, அதனால் மலை மீண்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படம் சரியாகவே இருக்கட்டும், முடிவு தவறு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர விதானம் (மரங்களின் இலைக்கூரை) இருந்தாலே அது வனப்பரப்பு. என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. வாட்டில் எனப்படும் சீகை மரமும் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும்கூட அதில் சேர்ந்துவிடும். அவை பரவியதோ சோலைகள் எனப்படும் இயற்கையான மலைக்காடுகளை ஒட்டியிருந்த புல்வெளிகளில்! தோடர்களின் எருமைகள் மேய்வது அந்தப் புல்லைத்தான். அவர்கள் கோயில் கூரை வேய்வதும் மலைப்புல்லால்தான். அடர்ந்த சீகைக்கு அடியில் அது பிழைக்காது. புல்வெளியைத் தனியாகப் பிரித்து, களத்தில் நடந்து சரிபார்த்த வரைபடத்தை வைத்துப் பேசுங்கள்.