நாலு லிட்டர் அண்ணனுக்கு

ரெண்டு நாளா நம்ம கம்பம் குரூப் எல்லாத்துலயும் அந்த முகாம் வீடியோதான் ஓடுது. பார்க்காதவங்களுக்கு ஒரு வரி: முகாம் மேடையில ஒரு அண்ணன் தண்ணி குடிக்கிறதைப் பத்திப் பேசினாரு. "தண்ணி குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம்?"னு ஏலக்காட்டு வேலைக்குப் போற பொம்பளைகளைப் பார்த்து அண்ணன் கேட்டதும் மேடையில இருந்தவங்க சிரிச்சாங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சுருக்குனு தச்சுச்சு. எல்லாரும் தினம் நாலு லிட்டர் குடிக்கணுமாம். எல்லாரும்னா யாருங்க?

எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. 1945ல அமெரிக்காவோட உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு நாளைக்கு 2.5 லிட்டர்னு எழுதுச்சு. அதுல பெரும்பகுதி சாப்பாட்டுலயே வந்துடும்னும் கூடவே எழுதுச்சு. முதல் வரியை ஊரே பிடிச்சுக்கிச்சு, அடுத்த வரி அநாதையாக் கிடக்கு. 2004ல அங்கேயே வேற கணக்கு போட்டாங்க: பொம்பளைக்கு 2.7, ஆம்பளைக்கு 3.7 லிட்டர். அதுவும் சாப்பாடு, குடிக்கிறது எல்லாம் சேர்த்து. அப்போ நம்ம கஞ்சி, மோர், ரசம், சுரைக்காய்க் கூட்டு எல்லாமே கணக்குல வரும். குமுளி ஓட்டல்ல ரோஸ் கலர்ல சுடச்சுட ஊத்துற, பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியும்தான். (சின்னதுல அதை ரஸ்னான்னு நினைச்சு மூணு டம்ளர் வாங்கிக் குடிச்சவ நான்.)

"அப்போ தண்ணியே குடிக்காதங்கிறியா?"ன்னு வருவீங்க. நான் அப்படி எங்கங்க சொன்னேன்? கிட்னியில கல்லு வந்தவங்க நிறையக் குடிக்கணும், சரி. வெயில்ல வேலை பாக்குறவங்க, பால் கொடுக்குறவங்க, வயித்தால போறவங்க, எல்லாம் சரி. ஒரே அளவு எல்லாருக்கும் இல்லைன்னுதான் சொல்றேன்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அண்ணனும் இல்லை.

எங்கப்பாவுக்கு இதயம் பலவீனம். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு. காலையிலயே ஒரு சொம்புல அளந்து வச்சிருவோம், காபி குடிச்சா அந்த அளவுக்குச் சொம்புல குறையும். நான் மதுரைக்குப் போயிருந்த ஒரு வாரம் சித்தி வந்து பாத்துக்கிட்டாங்க. பாவம், அவங்களும் இப்படி ஒரு வீடியோ பார்த்தவங்கதான். "நாக்கு வறண்டு கிடக்காரு மனுசன்"னு மணிக்கொரு டம்ளர். நான் திரும்பி வந்தப்போ அப்பாவோட முழங்காலுக்குக் கீழ கட்டை விரலால அமுக்கினேன். குழி விழுந்துச்சு. விரலை எடுத்தும் குழி அப்படியே நிக்குது. என்னைப் பார்த்து செத்துப்போன அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. தண்ணி கூடினதுல ரத்தத்துல சோடியம், அதான் உப்புச்சத்து, ஆபத்தான அளவுக்கு, 121க்கு இறங்கியிருந்துச்சு. ஆறு நாள் ஆஸ்பத்திரி.

இதுக்கும் "அது ஏதோ ஒருத்தருக்குத்தானே"ம்பீங்க. ஆமா, அந்த ஒருத்தர் எங்கப்பா.

சரி, அந்த "சோம்பேறி"க்கு வர்றேன். வீடியோவுல ரெண்டாவது வரிசையில பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, சிரிக்காம உக்காந்திருக்கிறது எங்கம்மா. 22 வருஷமா கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளாவுல வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்ப் பழம் எடுக்கப் போறவங்க. விடியக்காலம் ஜீப்புல நெருக்கியடிச்சு ஏறுனா, ஒண்ணுக்குப் போறது திரும்ப வீடு வந்துதான். அம்மா கொண்டுபோற பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். நான் படிக்கிற காலத்துல "ஏம்மா குடிக்கலை?"ன்னு நானும் திட்டியிருக்கேன். அண்ணனை மட்டும் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, சொல்லுங்க.

"காட்டுல மறைவுக்கா பஞ்சம்?"னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தாரு. வாங்க சார், ஆடி மாச மழையில ஏலச்செடிக்குள்ள சேலையைத் தூக்கிக்கிட்டு உக்காந்து பாருங்க. அட்டை எங்கெல்லாம் ஏறும்னு அப்போ தெரியும். பக்கத்து வரிசையில மருந்தடிக்கிற ஆம்பளைங்க நிப்பாங்க, எங்க போனன்னு கங்காணி கேப்பாரு. அதுக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சுக் குறைச்சு, அம்மாவுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை நீர்க்கடுப்பு. கண்ணுல தண்ணி வர, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க.

முகாம் முடிஞ்சு வந்து அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "நாலு லிட்டர் குடிச்சா ஜீப்பை யாருடி நிறுத்துவா?"

அண்ணனுக்கு இதை அனுப்புறவங்க தாராளமா அனுப்புங்க. சித்தியை மட்டும் யாரும் டேக் பண்ணாதீங்க. போன பொங்கலுக்குத்தான் மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கோம்.