பிள்ளைகள் பிறந்த ஊரைப் பாருங்கள்

ஸ்காட்லாந்துக் கடலில் உள்ள பெல் ராக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்த முன்னோரைத் தேடுவது பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அந்தப் பாறையையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஓதம் ஏறினால் மூழ்கிவிடும் பாறை அது. 1811இல் விளக்கேற்றிய அந்தக் கோபுரத்தில் குடும்பம் நடத்த ஏது இடம்? மனைவி மக்கள் இருந்ததெல்லாம் கரையில், ஆர்பிரோத் ஊரில், பாறைக்குச் சைகை காட்டக் கட்டிய சிக்னல் டவரில். அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, விளக்கைப் பார்த்துக்கொண்ட காவலர்களை அந்தக் காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு கலங்கரை விளக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். மூத்த பிள்ளை ஓர்க்னித் தீவுகளில், அடுத்தது ஷெட்லாந்துத் தீவுகளில் என்று பிறந்திருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பிறந்த ஊர்களை வரிசைப்படுத்தினாலே தகப்பனார் பணியாற்றிய இடங்கள் ஏறக்குறைய பிடிபட்டுவிடும்! ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்புப் பதிவு கட்டாயம். அதில் தந்தையின் தொழிலும் இருக்கும். ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் வடக்குக் கலங்கரை விளக்க வாரியத்தின் பழைய ஆவணங்கள் எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கட்டுரையாளர் இதை ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.