குடியை நிறுத்த உதவும் கூட்டத்தில் ஆதார் கேட்பார்களா?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனால் ஆதார் கேட்பார்கள், கட்டணம் வாங்குவார்கள், மதம் மாற்றிவிடுவார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மூன்றுமே பொய். இதை நம்பி ஒருவர் வீட்டிலேயே நின்றுவிட்டாலும் அது பெரிய இழப்பு.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கிய அமைப்பு இது. குடியை நிறுத்தும் விருப்பம்தான் சேருவதற்கு ஒரே தகுதி. முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. செலவுக்கு உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. சில கூட்டங்கள் தேவாலய வளாகங்களில் நடப்பதால் மதச் சந்தேகம் எழுந்திருக்கலாம். அங்கே இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். குடியிலிருந்து மீள இந்த அமைப்பு சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றே அதில் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிறகு கூட்டம். அருகிலுள்ள உதவியைக் கேட்டறிய 14446 என்ற கட்டணமில்லாத தேசிய எண் இருக்கிறது. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் குழுவும் உண்டு.