தபால் செலவு 12 பெனிக்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவன் வெடித்தான். அவனுடைய மோட்டார் சைக்கிள் களவு போன வழக்கு தவணை தவணையாக இழுபடுகிறது. போன கிழமையும் லீவு போட்டுவிட்டுக் கோட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் மான் ஒன்று லஞ்ச் ஷீற் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் மிச்சமாம். "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர்தான் வேணும். மூண்டு நாளில வழக்கு முடியும்" என்றான். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அவனுடைய கோபத்தில் பிழையில்லை. ஆனால் ஹிட்லரின் கணக்கில் மூன்று நாளே அதிகம். ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டதற்காக 21 வயது மாணவி சோஃபி ஷோலை 1943 பெப்ரவரி 22 அன்று விசாரித்தார்கள். அன்று பின்னேரமே தலையை வெட்டிவிட்டார்கள்.

ஹிட்லர் நீதிமன்றங்களை இழுத்து மூடவில்லை. பழைய நீதிபதிகளில் பெரும்பாலானவர்கள் அதே கதிரைகளில்தான் இருந்தார்கள். 1933 இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஐந்து பேர். லைப்சிக் நீதிமன்றம் நான்கு பேரை ஆதாரம் போதாதென்று விடுவித்தது. மரினுஸ் வான் டெர் லூபே என்ற டச்சுப் பெடியனுக்கு மட்டும் மரண தண்டனை. அவன் தீ வைத்த அன்று அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையே கிடையாது. பிறகு சட்டம் எழுதி, முன்திகதியிட்டு அவனுக்குப் பொருத்தினார்கள். விடுதலையான ஏர்ன்ஸ்ட் டோர்க்லரோ வீட்டுக்குப் போகவில்லை. 'பாதுகாப்புக் காவல்' என்று திரும்பவும் உள்ளே. யாருக்குப் பாதுகாப்போ!

அந்த நான்கு விடுதலைகளை ஹிட்லரால் பொறுக்க முடியவில்லை. 1934 இல் 'மக்கள் நீதிமன்றம்' என்று புதிதாக ஒன்றைத் திறந்தார். அது 5,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தது. எனக்கு அதைவிட உறைப்பது, செத்தவரின் வீட்டுக்குப் போன பில். மரண தண்டனைக் கட்டணம் 300 மார்க், சிறையில் இருந்த நாளுக்கு இவ்வளவு, தலை வெட்டியவருக்கு இவ்வளவு, கடைசியில் அந்தப் பில்லை அனுப்பிய தபால் செலவு 12 பெனிக் (அவர்களுடைய சதம்). எழுதியவர் கூட்டல் சரிதானா என்று இரண்டு தரம் பார்த்திருப்பார்.

'குற்றவாளி இல்லை' என்று சொல்ல நீதிபதிக்கு வாயில்லாத இடத்தில் வழக்கு வேகமாகத்தான் முடியும். கூட்டாளி கேட்கும் வேகம் அங்கேயிருந்துதான் வருகிறது.

சரி, நம்முடைய நீதிமன்றங்கள் பெரிய திறமோ என்று கேட்பீர்கள். தற்காலிகம் என்று 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக எடுக்க விட்டது. அப்படி உள்ளே போனவர்களைத் தெரியாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. 2006 ஜனவரி 2 அன்று, இதே கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் பாதுகாப்புத் தரப்பைச் சேர்ந்த 13 பேரும் 2019 இல் விடுதலை, சாட்சியம் போதாதாம். அந்த இடத்தைக் கடக்கும்போது விடுதலை என்ற சொல்லே எனக்குக் கசக்கும். ஆனாலும் ஹிட்லர் கேட்க மாட்டேன். அப்படி ஒருவர் வந்தால் அந்த 13 பேருக்கு எதிராக ஒரு வழக்குக்கூட வந்திருக்காது. செத்த பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல நினைத்த தகப்பன்தான் கூண்டில் நின்றிருப்பார்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போனது. "அப்ப என்ர மோட்டார் சைக்கிள்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த தவணைக்கு நானும் அவனோடு போகிறேன்.