பூனைக்கு "ஸ்ட்ரெஸ்" என்று முடிவு கட்டும் முன்

பூனையின் அடிவயிறு முடியில்லாமல் வழவழவென்று ஆகிவிட்டால் எங்கள் தருமபுரிப் பக்கம் இரண்டு பதில்தான் கிடைக்கும். பெரியவர்களைக் கேட்டால் "உடம்புச் சூடு". யூடியூப் பார்ப்பவர்களைக் கேட்டால் "ஸ்ட்ரெஸ், தனிமை". இரண்டாவது படித்தவர்கள் சொல்வது மாதிரி இருப்பதால் அதன்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனக்காரணத்தால் நக்கி நக்கி முடியை இழப்பதாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுதாகப் பரிசோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடல்நோய்தான். வெறும் மனக்காரணம் என்று தேறியவை 2. மிச்சம் 3 பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்து. அதிகம் தென்பட்டது உணவு ஒவ்வாமை.

நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியை. ஓசூர்க் குளிருக்கே அசராத பூச்சி அது. "எங்க பூனைமேல ஒரு பூச்சிகூட இல்லையே" என்பார்கள். எப்படி இருக்கும்? சொரசொரப்பான நாக்கால் நக்கி விழுங்கிவிடுகிறதே! ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடியே போதும். பேன் சீப்பால் முதுகிலும் வால் அடியிலும் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத்தாளில் போட்டுப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், பூனையின் ரத்தம்.

"நக்கவே இல்லை, தானாகக் கொட்டுது" என்பவர்களும் உண்டு. பூனை ஆள் இல்லாதபோது நக்கும். கொஞ்சம் முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் நுனி ஒடிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்; ஒடிந்திருந்தால் நக்கியதுதான். கால்நடை மருந்தகத்தில் சாணிப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் நுண்ணோக்கியே போதும். ஆனால் சினை ஊசிக்கு மாடுகள் வரிசையில் நிற்கும் இடத்தில் பூனைக் கூடையோடு போய் நின்று இதைக் கேட்க நமக்குத்தான் கூச்சம்.

எங்கள் பூனைக்கு ஒரு கிளினிக்கில் "மனசு சரியில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். நக்குவது நின்றது, சில வாரத்தில் திரும்ப ஆரம்பித்தது. அரிப்பை அடக்கும் ஊசிக்கு நின்றது என்றால் அது அரிப்புதானே?

அடிவயிற்றை மட்டும் நக்கிக்கொண்டு, அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் கதை வேறு, சிறுநீர்ப்பை வலியாக இருக்கலாம். ஆண் பூனைக்குச் சிறுநீரே வரவில்லை என்றால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீடு மாற்றினாலோ புதுப் பூனை வந்தாலோ மனக்கலக்கத்தில் நக்குவதும் உண்மைதான். அதை மற்றதெல்லாம் பார்த்த பிறகு பேசலாம்.

அப்புறம், தெள்ளுப்பூச்சி என்று தெரிந்ததும் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதியைப் பூனைக்கு விடாதீர்கள். நாய் மருந்து பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம், வலிப்பு வந்து சாகலாம். மண்ணெண்ணெய், கற்பூரம் எல்லாம் அதே ரகம். மேலே தடவுவதைப் பூனை நக்கித்தான் தீரும். பூனைக்கென்றே உள்ள மருந்தை எடை சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், வீட்டில் உள்ள நாய்க்கும் அதற்குரியதைச் சேர்த்துப் போடுங்கள், இரண்டும் படுக்கும் சாக்கு, பாயையும் துவைத்து வெயிலில் போடுங்கள். முட்டையெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.