டாடி மேல் எனக்குக் கோபமில்லை

ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிறு, தந்தையர் தினம், வந்தால் போதும், நம்ம சேலத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே தமிழ்ப்பற்று. "அப்பாவை டாடி என்று கூப்பிடாதே, டாடி என்றால் டெட் பாடி. மம்மி என்றால் எகிப்தில் பதம்பண்ணி வைத்த பிணம்." நன்றாகப் படித்தவர்களே ஃபார்வர்ட் செய்கிறார்கள்.

டாடிக்கும் டெட் பாடிக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. எகிப்துப் பிணத்துக்கு மம்மி என்ற பெயர் 'மூமியா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அம்மாவைக் குறிக்கும் மம்மி குழந்தை வாயில் பிறந்தது. டாடியும் அப்படித்தான். 'டாட்' 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் வருகிறது. ஆனால் அது ஆங்கிலேயன் உட்கார்ந்து உண்டாக்கிய சொல் இல்லை. பல் முளைக்காத பிள்ளை 'த தா', 'ட டா' என்று உளறும், பக்கத்தில் நிற்கிற ஆள் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று பூரித்துப் போவார். சொல் பிறந்துவிடும். வேல்ஸ் மொழியில் 'தாட்', லத்தீனில் 'தாதா', சமஸ்கிருதத்தில் 'தாத', பழந்தமிழ்ச் செய்யுளில் 'தாதை'. தெலுங்கில் தாத என்றால் நம் தாத்தா.

ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கில் இதற்கு அழகாக ஒரு விளக்கம் சொன்னார். பால் குடிக்கும் பிள்ளைக்கு வாய் அடைபட்டிருக்கும், சத்தம் மூக்கு வழியாகத்தான் வர முடியும். அந்த 'ம்ம்' முனகல்தான் பால் கொடுப்பவளுக்குப் பெயராகிறது. உதட்டாலும் நாக்காலும் தட்டி எழுப்பும் ப, த, ட எல்லாம் அப்பன் பங்கு. எல்லா ஊரிலும் இது செல்லாது. ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா! அவ்வளவு தூரம் போவானேன், தெலுங்கு வீட்டு 'நான்னா'வே மூக்கொலிதான்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெரிய இடத்துப் பிள்ளைகள் பிரெஞ்சிலிருந்து 'பப்பா' என்ற சொல்லை இறக்குமதி செய்து சீமான் வீட்டு மிடுக்கோடு கூப்பிட்டார்கள். டாட் என்பது சாதாரண சனம் புழங்கிய வீட்டுச் சொல். அந்த வீட்டுச் சொல்தான் இங்கே வந்து கான்வென்ட் பவுசாக மாறி உட்கார்ந்திருக்கிறது. (பணக்காரக் கிழவரைச் 'சுகர் டாடி' என்பது 1920களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. இன்ஸ்டாகிராமில் இந்தச் சொல் படும் பாட்டை நான் எழுதப் போவதில்லை, வீட்டுப் பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள்.)

சரி, என் வழக்குக்கு வருகிறேன். சேலத்தில் அப்பாவுக்கு எப்போது ஒரே சொல் இருந்தது? கொங்குப் பக்கத்து வீடுகளில் அப்பன் 'ஐயன்', அப்பாவின் அப்பா 'அப்பாரு'. அம்மாவின் அப்பா 'அப்பச்சி'. அதே அப்பச்சி காரைக்குடி நகரத்தார் வீட்டுக்குப் போனால் பெற்ற தகப்பன். முஸ்லிம் வீடுகளில் அத்தா. தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்களில் நைனா. நான் வளர்ந்த தெருவில் வீட்டுக்கு வீடு தறி. அந்தச் சத்தத்தில் மெதுவாகக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கடைசி எழுத்தை இழுத்து, "நைனோவ்!" என்று வாசலில் நின்று கத்துவார்கள். குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் நாடாவை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்.

இன்று அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் நைனா என்பதில்லை. அதைத் தின்றது டாடியா? இல்லை. பாடப்புத்தகமும் சினிமாவும் டிவி சீரியலும் சேர்ந்து கொண்டுவந்த 'அப்பா'தான். ஐயன் என்று கூப்பிட்டால் பட்டிக்காடு, நைனா என்றால் வகுப்பில் சிரிப்பு. அதனால் பிள்ளைகளே மாற்றிக்கொண்டார்கள். அப்போது மொழி போகிறதே என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. இப்போது டாடிக்கு மட்டும் கொடி பிடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தையின் எல்.கே.ஜி. டைரியில், வீட்டிலும் மம்மி டாடி என்றே பழக்குங்கள் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அதில் கையெழுத்துப் போட்ட அப்பன் லாரி ஓட்டுபவர். பிள்ளை அதுவரை அவரை "ப்போய்" என்றுதான் கூப்பிடும். பிள்ளை தானாக டாடி என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஏற்காடு ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை நின்றால், லைஃப் ஜாக்கெட்டுக்குள் மூழ்கிப்போன வாண்டுகள் படகிலிருந்து "டாடீ, இங்க பாருங்க!" என்று கத்துவதைக் கேட்கலாம். டாடிக்குப் பின்னால் வருவது நல்ல சேலத்துத் தமிழ்தான், அதிலே என்ன குறை? ஆனால் வீட்டில் என்ன கூப்பிடுவது என்று ஒரு பள்ளிக்கூடம் உத்தரவு போடுவதும், அதற்கு நாம் கையெழுத்துப் போட்டு அனுப்புவதும்தான் உறுத்துகிறது.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் நைனாவோ ஐயனோ இன்னும் புழங்கும் வீடு இருந்தால் சொல்லுங்கள். அப்பாரு, அப்பச்சி கணக்கில் உங்கள் ஊரில் வேறு முறை இருந்தாலும் சொல்லுங்கள். அடுத்த ஜூனுக்குள் ஒரு பட்டியல் போட்டு அந்த டெட் பாடி குரூப்புக்கே அனுப்பலாம் என்றிருக்கிறேன்.