சிரிப்பும் வரவில்லை, வசனமும் கேட்கவில்லை

காதல் நகைச்சுவைப் படத்துக்கு உயிரே இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொள்வதுதான். நேற்று ராத்திரி ப்ளூ-ரே டிஸ்கில் பார்த்த படத்தில் அதுவே செத்துக் கிடக்கிறது. முதல் சந்திப்பில் சண்டை, நடுவில் ஒரு பொய், கடைசியில் விமான நிலையத்துக்கு ஓட்டம். சரி, தெரிந்த கதைதான், பேச்சிலாவது சுவை இருக்கும் என்று உட்கார்ந்தால் அந்தப் பேச்சே காதில் விழவில்லை. ஐந்து ஸ்பீக்கரும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். இதில் அதை அமுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் தூக்கி வைத்திருக்கிறார்கள். வசனத்துக்குச் சத்தத்தைக் கூட்டு, பாட்டு வந்ததும் பதறிக் குறை. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியவில்லை.

திரையில் தெரியும் காட்சியின் தரம் அதைவிட மோசம். காட்சி துல்லியமாகத் தெரிய 1080 வரிகள் இருந்து என்ன பயன்? பொடி மணல் மாதிரி தெரியும் ஃபிலிம் குருணையைத் துடைக்கிறேன் என்று முகத்தையே துடைத்துவிட்டார்கள். நாயகி சிரிக்கும்போது கண்ணோரம் விழ வேண்டிய சுருக்கத்தைக் காணோம், கன்னம் மெழுகு பொம்மை போல வழவழவென்று இருக்கிறது. அப்புறம் கூர்மையைக் கூட்டுகிறேன் என்று தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு. முகபாவத்தை நம்பி எடுக்கிற படத்தில் முகத்தையே அழித்தால் எதைப் பார்ப்பது? அந்த நடிகை நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அதுதான் வயிற்றெரிச்சல்.